தரம் மூன்று, கிருஷ்ணப்பன் வீடு

கிருஷ்ணப்பனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கக்கூஸ். அதுவும் அவருக்காக இல்லை, அவர் மனைவி ராமக்காளுக்காக.

தருமபுரியில் ராமக்காளின் வலது முட்டியை மாற்றி வைத்த டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று விஷயம் சொன்னார். தரையில் குந்தக் கூடாது. படி ஏறி இறங்கக் கூடாது. கட்டிலிலிருந்து பத்தடிக்குள் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்க வேண்டும். கிருஷ்ணப்பன் வீட்டுக் கக்கூஸ் தோட்டத்தின் கோடியில், எண்பதடி தள்ளி, ஐந்து கல்படி கீழே இறங்கி, குந்தி உட்காரும்படி இருந்தது. டாக்டர் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. ஆனால் பார்த்துவிட்டு வந்து ஒவ்வொன்றாகத் தடை போட்டவர் மாதிரி சொல்லியிருந்தார்.

வீடு மொரப்பூருக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டிய ஆட்களுக்காக நூறு வருடத்துக்கு முன்னால் வரிசையாக ஆறு வீடு கட்டினார்கள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, நாட்டு ஓடு. அவ்வளவுதான். கிருஷ்ணப்பனின் அப்பா காலத்தில் ஆறையும் ஏலம் விட்டார்கள். மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் கொஞ்சம் கையில் காசு புரண்டதும் இடித்துவிட்டு கான்கிரீட் மெத்தை வீடு கட்டிக்கொண்டார்கள். கிருஷ்ணப்பன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்ததில், வீட்டை இடிக்க அவருக்கு நேரம் வரவில்லை. இதைத்தான் பின்னால் ஒரு அரசு வாரியம் 'உரிமையாளரின் பாரம்பரிய உணர்வு' என்று எழுதியது.

பின்சுவரில் ஒரு கதவு வைத்து, அதை ஒட்டி ஆறுக்கு நாலில் ஒரு பாத்ரூம். இதற்கு அனுமதி கேட்டு ஊராட்சிச் செயலர் கருப்பண்ணனிடம் மனு கொடுத்தார். கருப்பண்ணன் மனுவைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தார்.

"வூடு கட்டி எத்தினி வருசம் ஆச்சுங்க?"

"நூறு இருக்கும்."

"ஏங்க, எம்பதுன்னு சொல்லக் கூடாதா? தொண்ணூறு தாண்டினா மெட்ராசுல ஒரு வாரியத்துல கேக்கணுமாம். எளியோர் இல்லப் பாரம்பரியப் பேணல் வாரியம்."

"சரி, எம்பதுன்னே எழுதிக்குங்க."

"இப்ப நீங்க நூறுன்னு சொல்லிட்டீங்களே. என் காதுல விழுந்துருச்சே" என்றார் கருப்பண்ணன். அவர் நேர்மையானவர். ஊருக்கே அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அந்த வாரியம் ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அரண்மனைகளையும் கோட்டைகளையும் பாதுகாக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். ஏழைகளின் பழைய வீடுகளைப் பாதுகாப்பது இவர்கள் பொறுப்பு. ஆனால் ஏழைகளின் பழைய வீடுகள் ஒன்று இடிந்து விழுந்திருந்தன, இல்லையென்றால் ஏழைகளே இடித்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் வாரியத்துக்கு ஒரு தலைவர், மூன்று துணை இயக்குநர்கள், ஏழு வண்டிகள், ஒரு சின்னம், ஒரு கீதம் எல்லாம் வந்துவிட்டன. வீடுதான் இல்லை. கிருஷ்ணப்பனின் மனு போய்ச் சேர்ந்த அன்று அங்கே கேசரி செய்தார்கள் என்று கேள்வி.

பத்தே நாளில் மூன்று வண்டிகள் வந்து நின்றன. முதல் வண்டியிலிருந்து துணை இயக்குநர் மாதவராஜ் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. வாசலில் நின்று வீட்டைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு குறுகல்!" என்றார். "எவ்வளவு இருட்டு! அப்படியே இருக்கிறதே!"

"ஆமாங்க, ரொம்பச் சிரமம்" என்றார் கிருஷ்ணப்பன்.

"சிரமம் என்று சொல்லாதீர்கள். செறிவு என்று சொல்லுங்கள்."

உள்ளே நுழையும்போது மாதவராஜின் நெற்றி நிலைப்படியில் மோதியது. அவர் அதைத் தடவிக்கொண்டே உதவியாளரிடம், "நிலை உயரம் குறித்துக்கொள்ளுங்கள். பணிவைக் கற்பிக்கும் கட்டடக்கலை" என்றார். வெளியே வரும்போது மறுபடியும் மோதியது. அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லவில்லை.

நாள் முழுக்க அளந்தார்கள். சமையல்கட்டுக் கரிக்கு ஒரு எண், சுவர் வெடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அப்பா சட்டை மாட்டிய ஆணிக்கு ஒரு எண். கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாதவராஜ் திடீரென்று கேட்டார்.

"ஒழுகுமா?"

"நாலு எடத்துல ஒழுகும்ங்க."

"எத்தனை வருடமாக?"

"நான் பொறந்ததுல இருந்துங்க. ஆனா போன வருசம் ஒண்ணை மட்டும் தாரு ஊத்தி அடைச்சுட்டேன். கட்டிலுக்கு நேரா ஒழுகுதுன்னு."

அளந்துகொண்டிருந்தவர்கள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தார்கள். மாதவராஜ் மெதுவாக, ஒரு சாவுச் செய்தியை விசாரிக்கிற குரலில், "எது?" என்று கேட்டார். கிருஷ்ணப்பன் காட்டினார். "ஒழுகல் எண் மூன்று" என்று உதவியாளர் எழுதினார். "உரிமையாளரால் சிதைக்கப்பட்டது."

ராமக்காள் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கன்வாடியில் இருபது வருடம் உதவியாளராக வேலை பார்த்து, ஆய்வுக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவள். "சார்" என்றாள். "எல்லாம் சரிங்க. பாத்ரூமு?"

மாதவராஜ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, நான் சென்னையில் நாலு பாத்ரூம் உள்ள வீட்டில் இருக்கிறேன். என்ன சுகம் சொல்லுங்கள்? எந்த பாத்ரூமுக்குப் போவது என்றே காலையில் குழப்பம். உங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. வானத்தைப் பார்த்தபடி எண்பதடி நடக்கிறீர்கள். இந்த எளிமையை நாங்கள் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. எங்களிடம் பணம் இருக்கிறது, ஆனாலும் வாங்கவில்லை. ஏன்? அது உங்களுடையது. அதை உங்களிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ள நாங்கள் விடமாட்டோம். நீங்களே வந்தாலும் விடமாட்டோம்."

உதவியாளர்கள் கை தட்டினார்கள். ராமக்காள் தன் முட்டியைப் பார்த்தாள்.

ஒரு மாதத்தில் அறிவிக்கை வந்தது. வீடு பாரம்பரியக் கட்டடம், தரம் மூன்று. சுவரை இடிக்கக் கூடாது. நூறு அடிக்குள் எதுவும் கட்டக் கூடாது. பின்னிணைப்பில், 'வீட்டின் அசல் தன்மைக்கு ஒவ்வாத பிற்காலச் சேர்க்கைகள்' என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருந்தது. சிமெண்டுத் தரை, டியூப் லைட், காஸ் அடுப்பு, டிவி, கிருஷ்ணப்பன், ராமக்காள்.

"நம்மளையும் எடுக்கச் சொல்றாங்களா?" என்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

"கீழ பாருங்க. 'மேற்கண்டவை மறு உத்தரவு வரும்வரை சாக்கால் மூடிவைக்கப்பட வேண்டும்'" என்று படித்தாள் ராமக்காள்.

டியூப் லைட்டையும் டிவியையும் மூடினார்கள். தங்களை மூடிக்கொள்வது பற்றி விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். பதில் இன்னும் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒழுகல் எண் மூன்றை மீட்டெடுக்க ஒரு வல்லுநர் வந்தார். இந்தத் துறையில் வெளிநாட்டில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தவராம். தாரைச் சுரண்டி எடுத்து, ஓடு ஒன்றை இரண்டு விரல் நகர்த்தி வைத்து, கீழே வந்து வானத்தைப் பார்த்தார். வானம் வெளுத்துக் கிடந்தது. மழைக்கு ஒத்துழைக்கும் எண்ணம் தெரியவில்லை. ஒரு தண்ணீர் லாரியை வரவழைத்துக் கூரைமேல் அடிக்கச் சொன்னார். கிருஷ்ணப்பன் ஓடிப்போய்ப் பச்சைப் பிளாஸ்டிக் வாளியைக் கட்டிலில் வைத்தார்.

"பிளாஸ்டிக்கா?" என்று வல்லுநர் முகத்தைச் சுளித்தார். "சத்தம் சரியாக வராது. பித்தளை இல்லையா?"

பக்கத்து வீட்டில் ஒரு பித்தளை அண்டா வாங்கி வந்தார்கள். சொட்டு விழுந்தது. வல்லுநர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னும் கொஞ்சம்" என்று ஏணியில் ஏறி ஓட்டை அரை விரல் நகர்த்தினார். இப்போது தாரையாகக் கொட்டியது. மெத்தை நனைந்தது, தலையணை நனைந்தது. "இதுதான்" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அன்று மாலை கிருஷ்ணப்பன் கட்டிலை நகர்த்தினார். எங்கே நகர்த்தினாலும் வேறொரு எண்ணுக்குக் கீழே போய்த்தான் நின்றது.

பிறகு தகவல் பலகை வந்தது. வீட்டைவிட இரண்டடி அகலம் கூடுதல். வாசலுக்கு நேர் எதிரே நட்டதால் வீட்டுக்குள் போகிறவர்கள் பக்கவாட்டில் நெளிந்து போக வேண்டியிருந்தது. பலகையில், 'தொழிலாளி இல்லம். இங்கே எளிய மக்கள் வாழ்ந்தார்கள்' என்று எழுதியிருந்தது. பார்வை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.

பலகையைப் பார்த்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சேலத்திலிருந்து காரில் ஒரு குடும்பம் வந்தது. ராமக்காள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜன்னலில் மூன்று தலைகள் தெரிந்தன. "இங்க பாரேன், நிஜமாவே சாப்பிடறாங்க" என்றது ஒன்று. "களியா?" என்றது இன்னொன்று. "இல்ல, நூடுல்ஸ்" என்று ஏமாற்றத்தோடு சொன்னது மூன்றாவது. மறுநாளே வாரியத்திலிருந்து உணவு தொடர்பாக ஒரு அறிவுரைக் கடிதம் வந்தது.

கிருஷ்ணப்பனுக்குக் கோபமே வராத உடம்பு. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவருக்குக் கோபம் வந்தால் வேலை ஓடாது. ஆனால் ஆகஸ்டு மாதம் அவருக்கும் வந்தது. அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே ஐந்தாம் வகுப்பைப் பாரம்பரியச் சுற்றுலா கூட்டிப்போக முடிவு செய்தார்கள். எங்கே என்று டீச்சர் சொன்னதும் அவர் வண்டியை எடுத்தார். வழி கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தாகமாக இருந்ததால், உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்று இறங்கினார். வாசலில் வாரியத்தின் வழிகாட்டி ஒருவன் கையை நீட்டி மறித்தான்.

"டிரைவருங்க எல்லாம் வெளிய நில்லுங்க."

"தம்பி, இது என் வூடு."

"எல்லாரும் அப்படி நினைச்சாத்தான் பாரம்பரியம் பிழைக்கும். வெளிய நில்லுங்க."

பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஜன்னல் வழியாக ஒரு சத்தம் கேட்டது. "டேய், நம்ம வேன் அண்ணன் போட்டோ இங்க மாட்டியிருக்குது!" வழிகாட்டி, "அது அந்தக் காலத்துத் தொழிலாளி ஒருவரின் படம்" என்று விளக்கினான். கிருஷ்ணப்பன் வேனுக்குள் போய் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஐந்து மணி ஆகும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தார்.

அந்தக் கோபத்தோடு மாதவராஜுக்குப் போன் போட்டார். "நானும் தொழிலாளிதானுங்க. தொழிலாளி வூடுன்னு போர்டு வெச்சுட்டு என்னையே வெளிய நிறுத்தறீங்களே?"

மாதவராஜ் அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டார். சட்டக் கருத்து கேட்டார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'ஓட்டுநர் பணி உட்கார்ந்து செய்யும் பணியாகும். எனவே தாங்கள் உடலுழைப்புத் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டீர்கள். எனினும், தொழிலாளி இல்லத்தில் தொழிலாளி இல்லாத குறையைச் சுட்டிக்காட்டியமைக்கு நன்றி. ஒருவர் நியமிக்கப்படுகிறார்.'

அப்படித்தான் சவுரியப்பன் வந்து சேர்ந்தான். கடத்தூர்ப் பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும். ஒப்பந்தக்காரர் மூலமாக எடுத்திருந்தார்கள். காக்கி அரை டவுசர், தலையில் துண்டு, கையில் ஒரு கடப்பாறை எல்லாம் வாரியமே கொடுத்தது. பதவியின் பெயர் 'பாரம்பரியத் தொழிலாளி'. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை கடப்பாறையைப் பிடித்தபடி சுவரோரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். பார்வையாளர் வந்தால் நெற்றியைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் கூச்சத்தோடு நின்றான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆர்டர் போட்டுட்டாங்க."

"உக்காருப்பா. வேலைக்கு வந்தா உக்காந்துதானே ஆவணும்" என்றாள் ராமக்காள்.

நல்லவன். ராமக்காளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பான், மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவான். ஒரே கஷ்டம், பணி நேரத்தில் வீட்டின் நாலு சுவரைவிட்டு வெளியே போகக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. ஒருநாள் அவன் தோட்டத்துக் கோடிக்குப் போன ஐந்து நிமிடத்தில் ஒரு பார்வையாளர் வந்து, தொழிலாளியைக் காணோம் என்று புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். அதிலிருந்து அவன் காலையில் தண்ணீரே குடிக்காமல் வந்தான். மதியம் மூன்று மணிக்குமேல் அவன் நெற்றியைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து, எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அக்டோபரில் மழை பிடித்தது. நாலு ஒழுகலும் எண் வரிசைப்படி ஒழுகின. ஒரு மத்தியானம் ராமக்காள் குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். மூன்றாவது படியில் கால் வழுக்கியது. சத்தம் கேட்டு சவுரியப்பன் உத்தரவை மறந்து ஓடினான். சேற்றில் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டான். எலும்பு முறியவில்லை. மாற்றி வைத்த முட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் இடது கை மணிக்கட்டு வீங்கிவிட்டது. கிருஷ்ணப்பன் அன்று வேனை விட்டுவிட்டு ஓடிவந்து, அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டார். "பொண்ணு வூட்டுக்குப் போயிடலாமா?" என்று கடைசியில் கேட்டார்.

"எதுக்கு? என் வூட்டை வுட்டுட்டு நான் ஏன் போவணும்?"

மூன்று நாள் படுக்கையில் இருந்தாள். சவுரியப்பன் கடப்பாறையை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தான். அவனும் ஒரு மாதிரி நெளிந்துகொண்டிருந்தான். மணி மூன்றாகியிருந்தது.

"உனக்கு ஆர்டர் குடுத்தாங்களே, அதை எடு" என்றாள் ராமக்காள்.

டவுசர் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். திரும்பவும் ஒருமுறை படித்தாள். அங்கன்வாடியில் அவள் படித்த சுற்றறிக்கைகளுக்குக் கணக்கில்லை. எந்த வரியில் என்ன ஒளிந்திருக்கும் என்று தெரியும்.

"பணியிடம்: கிருஷ்ணப்பன் இல்லம், தரம் மூன்று" என்று சத்தமாகப் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மணிக்கட்டு வலித்ததால் நிறுத்தினாள்.

"என்னாக்கா?"

"இது என் வூடுன்னு இத்தினி நாளா நெனச்சுட்டு இருந்தேன். இது உன் ஆபீசு சவுரியப்பா. வூட்டுல கக்கூஸ் இல்லன்னா அது எளிமை. வேலை செய்யற எடத்துல இல்லன்னா அது குத்தம்."

அவள் சொல்லச் சொல்ல சவுரியப்பன் எழுதினான். தருமபுரித் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு. 'எனக்கு முட்டி வலி இருப்பதால் மேற்கத்திய முறைக் கழிப்பறை தேவை' என்ற வரி வந்தபோது பேனாவை நிறுத்தினான்.

"எனக்கு முட்டி வலி இல்லீங்களே."

"இனிமே இருக்கும்."

"எந்த முட்டிக்கா?"

"வலது. மாத்தி மாத்திப் புடிக்காத. ஒண்ணையே புடிச்சுக்கோ."

தொழிலாளர் உதவி ஆய்வாளர் ஷகிலா ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டரில் வந்தார். ஒல்லியான பெண், அதிகம் பேசாதவர். தோட்டத்துக்கு நடந்துபோய், ஐந்து படியையும் இறங்கி ஏறி, திரும்பி வந்து எழுதினார். தகவல் கிடைத்து மாதவராஜும் வந்து சேர்ந்தார். இந்தமுறையும் நிலைப்படியில் மோதினார்.

"மேடம், இது நூறு வருடப் பழைய சூழல். அன்றைக்குத் தொழிலாளிக்குக் கழிப்பறை கிடையாது. இன்று வைத்தால் அது வரலாற்றுப் பொய்."

"இவருக்குச் சம்பளம் அன்னைக்கா குடுக்கறீங்க, இன்னைக்கா?" என்று கேட்டார் ஷகிலா.

"இன்றைக்குத்தான். ஆனால் நுட்பமாகப் பார்த்தால் இவர் தொழிலாளி இல்லை. தொழிலாளியாகக் காட்சியளிப்பவர். எந்த வேலையும் செய்வதில்லை."

"சரி, எழுதிக்கறேன். இந்த வீட்டுல தொழிலாளி யாரும் இல்ல." ஷகிலா பேனா மூடியைக் கழற்றினார். "அப்ப வெளிய இருக்கற போர்டுல 'தொழிலாளி இல்லம்'னு எப்படிப் போட்டிருக்கீங்க? தொழிலாளியே இல்லாத வீட்டுக்குத் தொழிலாளி பேர்ல வாரியம் நடத்தறீங்கன்னு மேலிடத்துக்கு நான் எழுதலாங்களா?"

மாதவராஜ் யோசித்தார். அவருக்குப் பின்னால் ஏழு வண்டிகளும் ஒரு கீதமும் இருந்தன.

"தொழிலாளிதான்" என்றார். "முழுத் தொழிலாளி. இவரைப் போன்ற தொழிலாளியை நான் பார்த்ததே இல்லை."

சவுரியப்பன் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றான்.

"பணியாளர் வெளிய போகக் கூடாதுன்னு உங்க உத்தரவு. அதனால கழிப்பறை உள்ளேயே வரணும். முப்பது நாள்" என்று சொல்லிவிட்டு ஷகிலா ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

யாரும் தொடக் கூடாத பின்சுவரை வாரியத்து ஆட்களே ஒன்றரை மணி நேரத்தில் உடைத்தார்கள். எண் போட்டிருந்த வெடிப்புகளில் பதினாலு அதோடு போயின. கோப்பில் அதற்குப் 'பாரம்பரியத் திறப்பு' என்று பெயர் வைத்தார்கள். வெள்ளை வெளேரென்று கம்மோடு வந்தது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வந்தது, வழுக்காத தரை வந்தது. கிருஷ்ணப்பன் வேன் ஓட்டிவிட்டு வந்து, சுவரில் தெரிந்த ஓட்டை வழியாக வெளிச்சம் அறைக்குள் விழுவதை நின்று பார்த்தார். அந்த வீட்டில் அவர் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

கட்டி முடித்த பிறகு அதைச் சாதனையாகக் காட்டலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. 'நாட்டின் முதல் பாரம்பரியத் தொழிலாளர் நல வசதி' என்று அழைப்பிதழ் அடித்தார்கள். திறந்து வைக்க வாரியத் தலைவரே சென்னையிலிருந்து வருவதாக ஏற்பாடு. புதுக் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, வெள்ளித் தட்டில் கத்தரிக்கோல் வைத்தார்கள். கிருஷ்ணப்பனுக்கும் ராமக்காளுக்கும் அழைப்பிதழ் வரவில்லை. வீட்டில் இருந்ததால் கலந்துகொண்டார்கள்.

பதினோரு மணிக்கு வரவேண்டிய தலைவர் இரண்டு மணிக்கு வந்தார். வழியில் ஒகேனக்கல் அருவியைப் பார்த்துவிட்டு வந்தாராம். ஒகேனக்கல் வழியில் இல்லை. அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கரையோரக் கடையில் சுடச்சுட எட்டு மீன் வறுவல் சாப்பிட்டதாக அவருடைய டிரைவர் கிருஷ்ணப்பனிடம் சொன்னார். டிரைவர்கள் தங்களுக்குள் எதையும் மறைப்பதில்லை.

பந்தல் வாசலில் போட்டிருந்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார். கனத்த சரீரம், பட்டுச் சட்டை.

"எளியவர்கள் எதையும் கேட்பதில்லை. அதுதான் அவர்களுடைய பெருமை. கேட்டால் எளியவர்கள் என்ற தகுதியை இழந்துவிடுகிறார்கள். கேட்காமலே நாமாகக் கொடுத்திருக்கிறோம் இந்த வசதியை! கழிப்பறை என்பது மனிதனின் கௌரவம். ஒரு மனிதன் அவசரத்துக்குக் காத்திருப்பது போன்ற கொடுமை..."

இங்கே தலைவர் ஒரு கணம் நிறுத்தினார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கைக்குட்டையால் மேலுதட்டைத் துடைத்தார்.

"...கொடுமை வேறில்லை. எனக்கு முன்னால் பேசியவர்கள் விரிவாகப் பேசிவிட்டார்கள். ஆகவே..."

அவருக்கு முன்னால் யாரும் பேசவில்லை. மாதவராஜ் குனிந்து, "ஐயா, இன்னும் பதினோரு பக்கம் இருக்கிறது" என்று காதில் சொன்னார். தலைவர் பக்கங்களை மாதவராஜின் மார்பில் அப்பினார். "திறப்பு விழாவை நடத்திவிடுவோம். உடனே" என்றபடி மைக்கோடு இறங்கினார். மைக்கை ஒருவர் பின்னாலேயே ஓடிப்போய் வாங்கினார். பலகைக்கும் வாசலுக்கும் நடுவே நெளிந்து போவதற்குள் தலைவரின் பட்டுச் சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்துவிட்டது. நாதஸ்வரக்காரர்கள் நடை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரண்டடி பின்தங்கினார்கள்.

உள்ளே புதுக் கதவு சாத்தியிருந்தது. ரிப்பன் வெட்டுப்படாமலே ஒரு பக்க ஆணியிலிருந்து அவிழ்ந்து தொங்கியது. பக்கத்தில் சவுரியப்பன் கடப்பாறையோடு நேராக நின்று, யாரையும் பார்க்காமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலைவர் கத்தரிக்கோலைத் தட்டிவிட்டுக் கைப்பிடியைத் திருகினார். திரும்பவில்லை. உள்பக்கம் தாழ்.

மாதவராஜ் கதவைத் தட்டினார்.

"யாரது உள்ளே? இது இன்னும் திறக்கப்படவில்லை! வாரியப் பதிவின்படி உள்ளே யாரும் இருக்க முடியாது! தலைவர் வந்திருக்கிறார்!"

தலைவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாதஸ்வரம் நின்றது. அந்த அமைதியில், உள்ளே குழாயைத் திறந்து மூடும் சத்தம் நிதானமாகக் கேட்டது. பிறகு ராமக்காளின் குரல், அவசரமில்லாமல், மரியாதை குறையாமல் வந்தது.

"ஆள் இருக்குதுங்க."